அண்ணனுக்கு வண்டி, தம்பிக்கு ஹேண்டில்

அத்தியாயம் 14

ஹேண்டிலை ஒரே சுற்று. அவ்வளவுதான். பதினோரு வருஷமாகக் கொட்டகையில் கோழிகளுக்கு அரண்மனையாக இருந்த மாரிஸ் கார், ஒரு தும்மல் தும்மி, இரண்டு இருமல் இருமி, உயிரோடு எழுந்து உட்கார்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சத்தத்தில் சேலையூர் ஏரிக் கொக்குகள் எல்லாம் கிளம்பி மகாபலிபுரம் போய்த்தான் இறங்கின என்று கேம்ப் ரோடில் இன்றைக்கும் பேச்சு.

வண்டி 1938ம் வருஷத்தது. மேல்கூரையை மடித்துவிட்டால் திறந்த தேர். அதை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் அண்ணன் தம்பியின் அப்பா, பெரியவர். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இரண்டாயிரம் மாப்பிள்ளைகள் அதில் மாலையும் வியர்வையுமாக உட்கார்ந்து ஊர்வலம் போயிருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நின்றால் வண்டியும் நின்று மூச்சு வாங்கும். தனக்கு மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே அதற்கு மறந்து போயிருந்தது.

பெரியவர் கண்ணை மூடியபோது, "வண்டி மூத்தவனுக்கு, ஹேண்டில் சின்னவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஹேண்டிலைச் சுற்றினால்தான் அந்த வண்டி கிளம்பும். முதல் முகூர்த்தத்துக்கே, "ஹேண்டிலைக் கொடு" என்றார் அண்ணன் முனிரத்தினம். "நான் வந்து சுத்தறேன், கொடுக்க மாட்டேன்" என்றார் தம்பி ஜெயவேலு. அன்றைக்கு நின்ற பேச்சுதான். வண்டி அண்ணன் வீட்டுக் கொட்டகையில். ஹேண்டில் அஸ்தினாபுரத்தில் தம்பியின் மரக்கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

இந்த இருவருக்கும் நடுவில் பிறந்தவள் தையல்நாயகி. இன்னும் ஒன்பதாம் நாள் அவள் மகள் சுந்தரிக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில், பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது தாய்மாமன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து வர வேண்டும். பேசாத மாமன்கள் பிடித்தால் பெண்ணின் வாழ்க்கை இரண்டு பக்கமும் இழுபடும் என்று கிழவிகள் சொல்வார்கள். இருவரும் வருவதாகத்தான் சொன்னார்கள். "ஆனா அந்தாளு வந்தா நான் வர மாட்டேன்" என்று இருவருமே சேர்த்துச் சொன்னார்கள்.

அதனால்தான் சோழவரத்தில் பழைய கார் பந்தயம் என்று பட்டாபிராமன் சார் வந்து சொன்னபோது, தையல்நாயகி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சேலையூர் காலனியில் இருக்கும் சார், பழைய வண்டிக்காரர் சங்கத்தின் செயலாளர். அண்ணனிடம் போய், "வேலுவுக்குத் தைரியம் இல்லியாம்" என்றாள். தம்பியிடம் போய், "அண்ணனுக்கு வண்டி ஓட்றதே மறந்துபோச்சாம்" என்றாள். இரண்டு பேரும் மறுநாளே சம்மதித்தார்கள்.

இந்த மாதிரி சின்னச் சின்னப் பொய்கள் தையல்நாயகிக்குத் தாளிப்பு மாதிரி. பெரிய பொய் என்று வாழ்க்கையில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

அதைச் சொல்லும் முன் வண்டியில் ஏறிக்கொள்வோம்.

* * *

முனிரத்தினம் ஓட்டினார். பக்கத்தில் ஜெயவேலு, கால் நடுவே ஹேண்டிலை நிறுத்திக்கொண்டு, செங்கோல் பிடித்த ராஜா மாதிரி. பின் சீட்டில் தையல்நாயகி, மடியில் புளியோதரை கேரியர்.

கிண்டி வரை ஒரு பேச்சும் இல்லை. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கத்திப்பாராவில் ஒரு இளநீர் வண்டிகூடத் தாண்டியது.

"தையலு," என்றார் முனிரத்தினம் ரோட்டைப் பார்த்தபடி. "வாட்ச் கட்டிகினு ஒருத்தர் குந்திகினு கீறாரே, மணி இன்னான்னு கேளு."

"வேலு, மணி இன்னாடா?"

"ஏழரைன்னு சொல்லுக்கா."

"ஏழரையாம்ணா."

"பக்கத்துலதானே கீது, எனக்கே தெரியும் ஏழரைன்னு."

"அக்கா, இப்படி ஊர்வலம் போற மாதிரி போனா பந்தயம் முடிஞ்சு கொடிய மடிச்சு வச்சப்புறம்தான் போய்ச் சேருவோம்னு டிரைவர்கிட்ட சொல்லு."

"டிரைவரா! யாருடி டிரைவரு? கேளுடி அவன!"

"வேலு, யாருடா டிரைவரு?"

மூன்று பேரும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை முன் சீட்டிலிருந்து கிளம்பி, பின் சீட்டுக்குப் போய், திரும்பி முன் சீட்டுக்கு வர, தபால் இலாகாவைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. செங்குன்றம் வருவதற்குள் தையல்நாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆனாலும் அவளுக்கு இது பிடித்திருந்தது. தபால் அவள் கையில் இருக்கும்வரை எந்தக் கடிதம் போகலாம், எது போகக் கூடாது என்பதும் அவள் கையில்தானே.

* * *

சோழவரம் யுத்த காலத்து விமான ஓடுதளம். வெள்ளைக்காரன் போட்ட காங்கிரீட், கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடந்தது. மணல் மேட்டில் குடையும் தொப்பியுமாக ஜனம். சிவப்பாக ஒரு எம்.ஜி., பூனை மாதிரி பதுங்கிக்கொண்டு ஒரு ஜாகுவார், சமையலறை அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு ஆஸ்டின். எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார்கள்; பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டார்கள்.

தையல்நாயகி இறங்கியதும் முன் சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தாள். மாரிஸ் அதை ஏறி நசுக்கியபோது பக்கத்து ஜாகுவார் சொந்தக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் மெதுவாக வந்து, "எக்ஸ்ட்ரா இருக்காம்மா?" என்று கேட்டு இரண்டு வாங்கிப் போனார்.

பட்டாபிராமன் சார் தொப்பியும் விசிலுமாக வந்தார். "வாங்கோ, வாங்கோ! முனிரத்தினம் சார், இது ஸ்பீடு ரேஸ் இல்லை, பயப்படாதீங்கோ. ஒரு ரவுண்டை எத்தனை நிமிஷத்துல முடிப்பேள்னு நீங்களே எழுதிக் கொடுக்கணும். அப்புறம் மூணு ரவுண்டும் கரெக்டா அதே டைம். கூடினாலும் பாயிண்ட் போச்சு, குறைஞ்சாலும் போச்சு. டிரைவர் வாட்ச் கட்டக் கூடாது. பக்கத்துல உட்கார்றவர்தான் ஸ்டாப் வாட்சைப் பார்த்துச் சொல்லணும்."

"ஆறு நிமிஷம்," என்றார் முனிரத்தினம், தங்கை பக்கம் திரும்பி. "சொல்லு, ஆறுன்னு."

"ஆறு," என்றாள் தையல்நாயகி பட்டாபிராமன் சாரிடம். பழக்கம்.

"இன்னொரு விஷயம். வண்டியில ரெண்டே ரெண்டு பேர்தான். அம்மா கீழே நிழல்ல உட்காரட்டும்."

தையல்நாயகியின் கையில் கேரியர் கொஞ்சம் சரிந்தது. இது அவள் கணக்கிலேயே இல்லை. பின் சீட்டில் தான் இருப்போம், இரண்டு வார்த்தை இங்கிருந்து அங்கே, இரண்டு வார்த்தை அங்கிருந்து இங்கே, அந்த வேகத்தில் எப்போதாவது அவசரத்துக்கு இவர்களே நேராக ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அது போதும் என்றுதான் வந்திருந்தாள். ஒரு வார்த்தை. "பார்த்து", "வளை", "நிறுத்து" மாதிரி. அதற்கு மேல் போனால் ஆபத்து.

முனிரத்தினம் உடனே சொன்னார், "ரெண்டு பேர்தானே? அப்போ தையலு வாட்ச் பார்க்கட்டும். ஹேண்டிலச் சுத்திட்டு அவர் நிழல்ல குந்தட்டும்."

"ஆமாக்கா, நீயே போ. எனக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றார் ஜெயவேலு.

தான் ஏறிக்கொண்டால் தீர்ந்தது. வண்டி சுற்றும், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள், எதுவும் வெளியே வராது. ஆனால் ஒன்பதாம் நாள் சுந்தரி மணவறைக்கு வரும்போது ஒரு கையைப் பிடிக்க ஆள் இருக்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பெரியவர் கட்டிலருகே தையல்நாயகி மட்டும்தான் இருந்தாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தார், தம்பி டாக்டரைக் கூட்டி வரப் போயிருந்தான். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே மூச்சிரைக்க ஓடி வந்து, வாசலிலேயே இருவரும் கேட்ட முதல் கேள்வி, "அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

பெரியவர் சொன்னது வேறு ஏதோ. வண்டிக்கும் ஹேண்டிலுக்கும் அதில் சம்பந்தமே இல்லை. ஆனால் வந்து நின்ற முகத்தைப் பார்த்தபோது, அதைப் போய் எப்படிச் சொல்வது என்றிருந்தது அவளுக்கு. ஒருவனில்லாமல் ஒருவன் நகர முடியாதபடி கட்டிப் போட்டுவிட்டால் கடைசிவரை சேர்ந்திருப்பார்கள் என்று ஒரு நொடியில் தோன்றியது. இருவரிடமும் தனித்தனியே வாய் அதையே சொல்லிவிட்டது. வண்டி மூத்தவனுக்கு, ஹேண்டில் சின்னவனுக்கு.

கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நினைத்தாள். பிறகுதான் கண்டாள். "அப்பாவுக்கு எம்மேல நம்பிக்கையில்ல, அதான் சாவிய இன்னொருத்தன்கிட்ட குடுத்த மாதிரி ஹேண்டில அவன்கிட்ட குடுத்தாரு" என்று அண்ணன் அவளிடம் ஒரு தடவை சொன்னார். "ஒரு புள்ளைக்குக் காரு, ஒரு புள்ளைக்கு இரும்புத் தடி. என்னை அவ்ளோதான் நெனச்சாரு" என்று தம்பி ஒரு தடவை சொன்னார். தம்பியைப் பற்றி அண்ணனும், அண்ணனைப் பற்றி தம்பியும் பேசியதைக் கேட்க அவளுக்குப் பழகிப்போயிற்று. செத்துப்போனவர் மேல் இருவரும் வைத்திருந்த மனத்தாங்கலைக் கேட்கத்தான் பழகவில்லை.

இவர்கள் பேச வேண்டும். ஆனால் அப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது. ரசத்தில் உப்பு போல, ஒரு சிட்டிகை போதும்.

"எனக்குத் தலை சுத்துதுண்ணா," என்றாள். "நீங்களே போங்க."

அவளுடைய சின்னப் பொய்களில் அதுதான் கடைசி. அப்போது அவளுக்கு அது தெரியாது.

* * *

இருபத்தேழாம் நம்பர் ஒட்டிய மாரிஸ் கோட்டைத் தாண்டியது.

முதல் சுற்று. மற்ற வண்டிகள் விர்ரென்று போக, மாரிஸ் மட்டும் முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போகிற நினைப்பில் போனது. முனிரத்தினத்துக்குத் தெரிந்த வேகம் அது ஒன்றுதான். வாலிப வயசில் அப்பாவுக்குப் பதிலாக ஊர்வலத்தில் ஓட்டிய வேகம். ஜாகுவார் மூன்று தடவை தாண்டியது. மைக்கில் யாரோ, "இருபத்தேழு, மாப்பிள்ளை ரெடியா?" என்று கேட்க, மணல் மேடு முழுக்கச் சிரிப்பு.

கோட்டைக் கடந்தபோது இரண்டு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஸ்டூடியோ படத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

பட்டாபிராமன் சார் கரும்பலகையில் எழுதினார்: பதினொரு நிமிஷம், இருபது விநாடி.

தையல்நாயகிக்குப் படிக்கத் தெரிந்த நம்பர்தான். ஆனால் அவள் படித்தது வேறு. ஆறு நிமிஷம் ஆனதும் ஜெயவேலு வாட்சைப் பார்த்திருப்பான். ஏழு ஆனதும் பார்த்திருப்பான். வாயைத் திறக்கவில்லை. பதினொன்று இருபது என்றால் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அர்த்தம்.

நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் சுற்று. தூரத்தில், கானல் நெளிகிற இடத்தில், வண்டி தண்ணீரில் மிதக்கிற மாதிரி தெரிந்தது. அதற்கு மேலே ஒரு கை எழும்பியது. விசிறியது. இறங்கியது. மறுபடி எழும்பியது.

ஜெயவேலுவின் கை. அவன் கையைக் கட்டிப் போட்டால் வாய் வராது; கை ஆடினால் வாயும் ஆடுகிறது.

மாரிஸின் குரல் மாறியது. ஆயுளில் முதல் தடவையாக மூன்றாவது கியர். புகை, தூசு, ஒரு உறுமல். சமையலறை அலமாரி ஆஸ்டினை ஒரே தாண்டாகத் தாண்டி, மாரிஸ் குலுங்கிக்கொண்டு கோட்டைக் கடந்தது. முனிரத்தினத்தின் தோளில் கிடந்த துண்டு காற்றில் பறந்து போய் ஒரு ஃபோட்டோக்காரர் தலையில் தலைப்பாகை ஆனது.

"யப்பா!" என்றார் பட்டாபிராமன் சார். "அஞ்சு நிமிஷம் அஞ்சு விநாடி! பறக்கறாரே உங்க அண்ணா!"

'போ' என்று சொல்லியிருக்கிறான். அதற்கு அண்ணனும் ஏதோ சொல்லியிருக்கிறார். கோபத்தில்தான் இத்தனை வேகம் வரும். தையல்நாயகி கும்பிட்டுக்கொண்டாள். ஒரு சிட்டிகை விழுந்துவிட்டது. இதோடு வண்டி நின்றால் போதும்.

"சார், இன்னும் ஒரு சுத்து கீதா?"

"மூணாவது ரவுண்டு இருக்கேம்மா. அதுதான் முக்கியம்."

மூன்றாம் சுற்று.

இந்தத் தடவை வண்டி ஊரவும் இல்லை, பறக்கவும் இல்லை. கையும் எழும்பவில்லை. கானலுக்குள் போனது, வெளியே வந்தது, வளைவில் மெதுவாகி, நேரில் சீராகி, ஒரே தாளத்தில் வந்தது. அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். முன் சீட்டில் இரண்டு தலைகள். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன.

சத்தம் போடாமல் பேசுகிறார்கள்.

ஆறு நிமிஷத்தில் பதினோரு வருஷத்தைப் பேசிவிட முடியுமா? வழியில் ஒரு சின்னச் சந்து வந்தாலும் போதும். "அப்பா உன்கிட்ட சொன்னாரா?" "இல்லையே, உன்கிட்ட?" அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்கு அரை நிமிஷம் அதிகம்.

வண்டி கோட்டைத் தொட்டது. பட்டாபிராமன் சார் வாட்சை உற்றுப் பார்த்தார். பக்கத்து ஆளின் வாட்சையும் வாங்கிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அம்மா! ஆறு நிமிஷம்! ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை! ரெண்டு பேரும் அவ்வளவு அழகாப் பேசி வச்சுண்டு ஓட்டியிருக்கா! நீங்க சந்தோஷமா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறேளே?"

தையல்நாயகி கேரியரின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

* * *

இன்ஜின் அணைந்தது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்து, ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. ஜெயவேலு வழக்கம்போல ஹேண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். ஒருவர் அடிக்கு ஒருவர் அடி பொருந்தியது. இதைப் பார்க்கத்தான் அவள் பதினோரு வருஷமாகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள்.

வந்து அவளுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். முனிரத்தினம் கேரியரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் வலது கையைப் பிடித்தார். ஜெயவேலு இடது கையைப் பிடித்தார். மணவறைக்குப் பெண்ணை அழைத்துப் போகிற மாதிரியே.

"தையலு," என்றார் முனிரத்தினம். குரல் உயரவில்லை. "அவன்கிட்ட அப்பா முன்னாடியே நேரா சொன்னாருன்னு நான் இத்தினி நாளு நெனச்சிகினு இருந்தேன். எங்கிட்ட நேரா சொன்னாருன்னு அவன் நெனச்சிகினு இருந்தானாம்."

"ரெண்டு பேர்கிட்டயும் சொன்னது நீதான்கா," என்றார் ஜெயவேலு.

"அப்பா கடைசியா இன்னா சொன்னாரு?"

மைக் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. மணல் மேட்டில் யாரோ கைதட்டினார்கள். சுலபமாக ஒரு பதில் நாக்கின் நுனி வரை வந்தது. நல்ல பதில், இருவருக்கும் பிடிக்கும்படியான பதில். தையல்நாயகி அதை விழுங்கினாள்.

"காத்து ஜாஸ்தியா கீது, ஃபேன கம்மி பண்ணுன்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"எங்களப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. யாரைப் பத்தியும் சொல்லல."

முனிரத்தினத்தின் பிடி தளர்ந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வண்டியை நோக்கி நடந்தார். போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

ஜெயவேலு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பையனாக இருந்தபோது பேசுவானே, அந்தக் குரலில் கேட்டார்:

"கம்மி பண்ணியாக்கா?"

"பண்ணேன்டா. திருகிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஃபேன் வேகம் கொறையறதுக்குள்ள..."

அவர் தலையை ஆட்டினார். ஹேண்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். யாரும் கொடுக்கச் சொல்லாத ஒரு இரும்புத் தடி. அதற்குக் கனம் குறைந்த மாதிரி, அவர் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

வண்டியிலிருந்து குரல் வந்தது.

"வேலு! வந்து சுத்துடா!"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு, அண்ணன் வாயில் தம்பி பேர். நடுவில் தபால் இல்லாமல். அடுத்து தன் பேர் வரும் என்று தையல்நாயகி காத்திருந்தாள்.

வரவில்லை.

ஜெயவேலு அவள் கையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கையை மெதுவாக விட்டுவிட்டுப் போனார். ஒரே சுற்று. மாரிஸ் தும்மாமல், இருமாமல், சட்டென்று எழுந்துகொண்டது. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு அவர் முன் சீட்டில் ஏறினார். கால் நடுவே நிறுத்தவில்லை. பின் சீட்டில், அவள் உட்கார்ந்து வந்த இடத்தில், போட்டுவிட்டார்.

வண்டி கிளம்பவில்லை. அணையவும் இல்லை. முன் சீட்டில் இரண்டு முதுகுகள். இரண்டும் அசையவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாயிரம் மாப்பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பொறுமையோடு மாரிஸ் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

தனக்காக நிற்கிறார்களா, தன்னை விட்டுவிட்டுப் போக மனசைத் தயார் செய்கிறார்களா என்று தையல்நாயகிக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை கேட்டுச் சொல்ல நடுவில் யாரும் இல்லை.

குனிந்து கேரியரை எடுத்துக்கொண்டு, அவள் வண்டியை நோக்கி முதல் அடியை வைத்தாள்.